கருதப்படுவார்

திருச்செங்கோட்டிலிருந்து புறப்படும் போர்வெல் வண்டிகள் தமிழ்நாட்டு எல்லையோடு நிற்பதில்லை. கர்நாடகம், ஆந்திரம், மகாராட்டிரம், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று பாறை உள்ள இடமெல்லாம் அவை போகின்றன. ஒரு லாரியில் ரிக், இன்னொரு லாரியில் குழாய்களும் சமையல் பாத்திரங்களும் ஆட்களும். மாதக்கணக்கில் ஊர் திரும்பாத அந்த வாழ்க்கையில் எழுதப்பட்ட ஒப்பந்தம் அரிது. நிலத்துக்காரரும் வண்டிக்காரரும் வரப்பில் நின்று பேசி முடிப்பதே ஒப்பந்தம்.

அந்த வாய்மொழி ஒப்பந்தத்தில் இடர் மிகத் துல்லியமாகப் பிரிக்கப்பட்டிருக்கும். கூலி அடிக்கணக்கில். குறிப்பிட்ட ஆழம் வரை ஒரு விலை, அதற்கு மேல் ஒவ்வொரு நூறு அடிக்கும் விலை ஏறும். தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் கூலி உண்டு. மேல்மண் சரிந்து கேசிங் பைப் இறக்க நேர்ந்தால் அதற்குத் தனிக்கணக்கு. மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்பது நிலத்துக்காரரின் இடர். துளையை நேராகவும் விரைவாகவும் இறக்குவது வண்டிக்காரரின் இடர். ஒப்பந்தச் சட்டம் படித்த எவரும் இதைவிடத் தெளிவான பகிர்வை எளிதில் எழுதிவிட முடியாது.

இத்தகைய ஒப்பந்தங்களிலேயே இருபது ஆண்டுகள் வாழ்ந்த ஒருவர், கடலோரக் கர்நாடகத்தில் ஒரு சாலை விரிவாக்கப் பணியில் துணை ஒப்பந்தம் எடுத்தார். குன்றை வெட்டி அகலப்படுத்திய இடத்தில் சரிவு இடிந்து விழாமல் இருக்க, சரிவுக்குள் சாய்வாகத் துளையிட்டு, இரும்புக் கம்பியைச் செருகி, சிமெண்டுப் பாலை அழுத்தத்தில் செலுத்த வேண்டும். துளையிடுவதற்கு அவருடைய இயந்திரமும் ஆட்களும் போதும். கிணற்றுத் தொழில் மந்தமாக இருந்த ஆண்டு அது. மீட்டருக்கு இவ்வளவு என்று ஒரு விலை சொன்னார். பெரிய ஒப்பந்ததாரரின் அலுவலகம் அதைச் சற்றுக் குறைத்து ஏற்றுக்கொண்டது. ஆங்கிலத்தில் இருபத்திரண்டு பக்கங்கள் வந்தன. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்திட்டார்.

கையெழுத்திடும் முன்பு, ஊரிலுள்ள ஆடிட்டர் அலுவலகத்து எழுத்தர் ஒருவரிடம் அந்தத் தாள்களைக் காட்டினார். எழுத்தர் முக்கியமான வரிகளுக்குப் பென்சிலால் தமிழில் பொருள் எழுதித் தந்தார். அவற்றுள் ஒன்று: ‘துணை ஒப்பந்ததாரர் பணியிடத்தைப் பார்வையிட்டு, மண்ணின் தன்மை உள்ளிட்ட அனைத்தையும் அறிந்து நிறைவடைந்தவராகக் கருதப்படுவார்.’

“கருதப்படுவார்னா என்னங்க?” என்று கேட்டார் அவர்.

“நீங்க போயிப் பார்த்தாச்சுன்னு வெச்சுக்குவாங்க” என்றார் எழுத்தர்.

“நான்தான் பார்க்கலீங்களே.”

“பார்க்காட்டியும் அப்படித்தானுங்க.”

இந்தச் சிறு உரையாடலில் மொழியியலுக்கும் சட்டத்துக்கும் பொதுவான ஒரு முடிச்சு இருக்கிறது. ‘படு’ சேர்ந்த செயப்பாட்டு வினை தமிழில் பெரும்பாலும் எழுத்துக்குரியது; பேச்சில் அது அருகியே வரும். ‘கருதப்படுவார்’ என்னும்போது கருதுபவர் யார் என்பது வாக்கியத்திலிருந்து நீங்கிவிடுகிறது. எவரும் கருதாமல், தானே நிகழும் இயற்கை நிகழ்ச்சி போல அந்தக் கருதல் நிற்கிறது. எழுத்தர் அதைப் பேச்சுக்கு மாற்றியபோது, அவரை அறியாமலே, மறைந்திருந்த எழுவாயை மீட்டுக் கொடுத்துவிட்டார். ‘வெச்சுக்குவாங்க.’ அதாவது, அவர்கள். விலையை நிர்ணயிப்பவர்கள், பணம் கொடுப்பவர்கள், பிறகு பணத்தைப் பிடித்து வைப்பவர்கள். பேச்சுத் தமிழுக்குத் தெரிந்த உண்மை எழுத்துத் தமிழில் ஒரு துணைவினைக்குப் பின்னால் ஒளிந்திருந்தது.

அந்த வரி அந்த அலுவலகத்தின் கண்டுபிடிப்பன்று. மத்தியப் பொதுப்பணித் துறையின் ஒப்பந்தப்புள்ளி அறிவிப்புகளில் நெடுங்காலமாக அதே பொருளில் ஒரு விதி இருக்கிறது: பார்வையிட்டாலும் பார்வையிடாவிட்டாலும், ஒப்பந்தப்புள்ளி அளிப்பவர் பணியிடத்தை முழுமையாக அறிந்தவராகக் கொள்ளப்படுவார், தவறாகப் புரிந்துகொண்டதற்காகக் கூடுதல் தொகை கிடையாது. சட்டம் தனக்குத் தேவையான புனைவை உண்மைபோல் நிறுத்தும் இடம் இது. இப்புனைவுக்கு ஒரு நியாயமும் உண்டு. ஒவ்வொருவரும் ‘எனக்குத் தெரியாது’ என்று பின்னால் வந்து நின்றால் எந்தப் பாலத்தின் விலையும் நிலைக்காது. ஆனால் விலை நிலைப்பதற்காகக் கொடுக்கப்படும் விலையை யார் கொடுக்கிறார்கள் என்ற கேள்வி எஞ்சுகிறது.

பணி தை மாதத்தில் தொடங்கியது. மேலே செம்புரைக்கல், அதன் கீழே வெண்மையும் மஞ்சளும் இளஞ்சிவப்பும் கலந்த ஒரு மண். உலர்ந்திருந்தபோது அது சுவர்போல் நின்றது. துளைகள் சரியாமல் இருந்தன. ஒரு நாளைக்கு அவர் நினைத்ததைவிட அதிக மீட்டர் ஓடியது. முதல் இரண்டு பில்களும் தாமதமின்றி வந்தன. பக்கத்துத் தென்னந்தோப்பில் கிணறு வெட்டும் முதியவர் ஒருவர் வெட்டிய சரிவைப் பார்த்துவிட்டு ஒரே சொல் சொன்னார்: “ஷேடி.” கையை விரித்து, நீர் ஊற்றுவதுபோல் சைகை காட்டிச் சிரித்தார். அவருக்கு அது அந்த ஊர் மண்ணின் பெயர் என்பது மட்டும் புரிந்தது.

கொச்சிக்கும் கோவாவுக்கும் இடைப்பட்ட கடற்கரையில் செம்புரைக்கல்லுக்குக் கீழே கிடக்கும் இந்தக் களிமண்ணைப் பற்றிப் பொறியியல் ஆய்வுகள் நிறைய உண்டு. உலர்நிலையில் உறுதியாக நிற்கும். நீர் புகுந்தால் வலுவிழந்து வழியும். வெட்டிய சரிவுகள் மழையில் சரிவதற்கு அது ஒரு பெரும் காரணம். ஆய்வேடுகள் அதற்கு நீண்ட அறிவியல் பெயர் ஒன்றைத் தருகின்றன. கிணறு வெட்டுபவர்களின் சொல்லில் பெயரும் எச்சரிக்கையும் ஒன்றாகவே இருக்கின்றன. அந்த மண்ணைப் பற்றிய துளை ஆய்வு அறிக்கை மூல ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் இருந்தது. மூல ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் அனைத்தும் துணை ஒப்பந்தத்துக்கும் பொருந்தும் என்று இருபத்திரண்டு பக்கங்களில் ஒரு வரி சொன்னது. மூல ஒப்பந்தத்தை அவருக்கு எவரும் காட்டவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

ஆனி மாதத்துக்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. அந்தக் கடற்கரையில் ஆண்டுக்கு 3500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழையில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டித் தீர்க்கும். நாமக்கல் மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்வது ஏறத்தாழ அதில் ஐந்தில் ஒரு பங்கு. துளையிட்ட கம்பியை வெளியே எடுத்த உடனே துளை மூடிக்கொண்டது. ஒரு துளையை மூன்று முறை போட வேண்டியிருந்தது. உறைகுழாயோடு சேர்த்துத் துளையிட்டால்தான் நிற்கும் என்று தெரிந்தது. அவருடைய இருபது ஆண்டு வழக்கில் கேசிங் என்றால் தனிக்கணக்கு. தாளில் இருந்ததோ, ‘தேவைப்படின் உறைகுழாய் உட்பட’ மீட்டருக்கு ஒரே விலை.

அவர் உடனே செய்தது எல்லோரும் செய்வதுதான். தளப் பொறியாளரைத் தொலைபேசியில் அழைத்தார். வாட்ஸாப்பில் படங்கள் அனுப்பினார். மங்களூரு பக்கத்துக்காரரான அந்த இளம் பொறியாளர் மழையங்கியோடு வந்து பார்த்தார். துளைக்குள் கைவிளக்கை அடித்துப் பார்த்து, தலையை ஆட்டினார். “நோடோண, அண்ணா” என்றார். தமிழில் சொன்னால் ‘பார்க்கலாம், அண்ணா.’

‘பார்க்கலாம்’ என்ற சொல்லில் வரும் ‘-லாம்’ விகுதியைப் பற்றி இலக்கண நூல்கள் பலபடப் பேசும். அது அனுமதி தரும். இயலும் என்று சொல்லும். சேர்ந்து செய்வோம் என்று அழைக்கும். மறுக்க மனமில்லாதபோது மறுப்புக்கும் அதுவே உதவும். கன்னடத்தின் ‘நோடோண’வும் வழக்கில் இதே அகலம் கொண்டது. பொறியாளர் பொய் சொல்லவில்லை. கூடுதல் தொகைக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் அவருக்கு இல்லை. மேலிடத்தில் கேட்டுப் பார்க்கும் நல்லெண்ணம் மட்டுமே இருந்தது. கேட்டவர் காதில் அது வாக்குறுதியாக விழுந்தது. வரப்பில் நின்று பேசும் உலகத்தில் ‘பாத்துக்கலாங்க’ என்று சொன்ன நிலத்துக்காரர்கள் பெரும்பாலும் கொடுத்திருக்கிறார்கள். அங்கே சொன்னவரே கொடுப்பவர். இங்கே சொல்பவர் ஒருவர், கொடுப்பவர் வேறொருவர், இருவருக்கும் இடையே இருபத்திரண்டு பக்கங்கள்.

அந்தப் பக்கங்களில் இன்னொரு வரி: கூடுதல் செலவுக்குக் காரணமான நிகழ்வை அறிந்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிக்காவிட்டால் கோரிக்கை உரிமை இல்லை. உலகெங்கும் பயன்படும் ஃபிடிக் படிவத்தின் 1999ஆம் ஆண்டுப் பதிப்பில் இதற்கு 28 நாட்கள் தரப்பட்டுள்ளன. மேலே உள்ளவர் 28 நாட்களுக்குள் தம் முதலாளிக்கு எழுத வேண்டுமானால், கீழே உள்ளவர் அதற்கு முன்பே எழுதியாக வேண்டும். ஆகவே படிநிலையில் இறங்க இறங்க அவகாசம் சுருங்குகிறது. எழுதப் பழகியவருக்கு அதிக நாட்கள், எழுதப் பழகாதவருக்குக் குறைந்த நாட்கள். அவருடைய கடிதம், கல்லூரியில் படிக்கும் மகளின் உதவியோடு ஆங்கிலத்தில், 41ஆம் நாள் போய்ச் சேர்ந்தது.

இடத்துக்கு இடம் இந்த இடர் வேறு வேறு தோள்களில் ஏற்றப்படுவதைப் பார்த்தால், இது மண்ணைப் பற்றிய கேள்வியாக மட்டும் இருந்ததில்லை என்பது விளங்கும். 1957இல் முதலில் வெளியான ஃபிடிக் சிவப்புப் புத்தகம் ஆங்கிலேயப் படிவம் ஒன்றின் வழிவந்தது. அதன் 1999ஆம் ஆண்டு வடிவத்தில், முன்கூட்டி அறிய இயலாத நிலத்தடி இடர் பணியைச் செய்விப்பவருடையது. அதே ஆண்டு அதே அமைப்பு வெளியிட்ட வெள்ளிப் புத்தகத்தில் அந்த இடர் ஒப்பந்ததாரருடையது. எந்தப் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதிலேயே பாதி வழக்கு முடிந்துவிடுகிறது. சிவப்புப் புத்தகத்திலும் ஒரு கற்பனை மனிதர் காவல் நிற்கிறார்: ‘அனுபவமுள்ள ஒப்பந்ததாரர்.’ அவரால் நியாயமாக எதிர்பார்த்திருக்க முடியாதது மட்டுமே அறிய இயலாதது.

இந்தக் கற்பனை மனிதர் எவ்வளவு கண்டிப்பானவர் என்பதை ஜிப்ரால்டர் விமான நிலையத்தின் ஓடுதளத்துக்கு அடியில் சாலை அமைக்க முயன்ற ஸ்பானிய நிறுவனம் அறிந்துகொண்டது. எதிர்பார்த்ததைவிட அதிகமான மாசடைந்த மண் வந்தது என்று அது வாதிட்டது. 2014இல் ஆங்கிலேய நீதிபதி அதை ஏற்கவில்லை. நீண்ட இராணுவ வரலாறு கொண்ட நிலத்தில், ஆய்வறிக்கையின் எண்களை மட்டும் நம்பாமல், அதைவிட அதிகம் வரக்கூடும் என்று அனுபவமுள்ளவர் எண்ணியிருக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம்.

இங்கிலாந்திலேயே 1993இல் முதற்பதிப்பு கண்ட என்இசி படிவம் வேறு வழியில் சென்றது. ‘செய்தல் வேண்டும்’ என்ற கட்டளை நடையை விட்டு, ‘செய்கிறார்’, ‘அறிவிக்கிறார்’ என்று நிகழ்காலத்தில் எழுதியது. எளிமைக்காகச் செய்த அந்த மாற்றம் பொருள் காண்பதை எளிதாக்கவில்லை என்று 2010இல் ஒரு நீதிபதி குறைப்பட்டுக்கொண்டதும் உண்டு. ஆனால் மழையைப் பொறுத்தவரை அது ஒரு நல்ல காரியம் செய்தது. ‘வழக்கத்துக்கு மாறான மழை’ எது என்று உரிச்சொல்லை வைத்துச் சண்டையிட விடாமல், அந்த இடத்து வானிலைப் பதிவில் சராசரியாகப் பத்தாண்டுக்கு ஒருமுறைக்கும் குறைவாக நேர்வது என்று எண்ணால் வரையறுத்தது. இந்தியாவில் இது சிறிய செய்தியன்று. பல ஒப்பந்தப்புள்ளிகளில் கால அளவு ‘மழைக்காலம் உட்பட’ என்றே குறிக்கப்படுகிறது. எந்த மழைக்காலம்? மங்களூருவுக்கு அது ஜூனில் தொடங்குகிறது, சென்னைக்கு அக்டோபரில். ஒரே சொல், இரு நாட்காட்டிகள்.

செலவு தாங்க முடியாத அளவுக்கு ஏறினால் ஒப்பந்தத்தைத் திருத்தலாமா என்ற கேள்வியிலும் நிலங்கள் பிரிகின்றன. பிரான்சில், பதினாறாம் நூற்றாண்டில் பேசிய பாசனக் கட்டணத்தை மாற்ற முடியாது என்று கிராப்போன் கால்வாய் வழக்கில் 1876இல் உச்ச நீதிமன்றம் கையை விரித்தது. 1916இல், போரினால் நிலக்கரி விலை ஏறியபோது, போர்தோ நகர எரிவாயு நிறுவனத்துக்கு அரசு நிர்வாக நீதிமன்றம் இரக்கம் காட்டியது. தனியார் ஒப்பந்தங்களுக்கு அந்த இரக்கம் சட்டமானது 2016இல். அதையும் ஒப்பந்தத்தில் விலக்கி எழுதிக்கொள்ளலாம். எகிப்தின் 1948ஆம் ஆண்டு உரிமையியல் சட்டமோ ஒரு படி மேலே போனது. எதிர்பாராத பொது நிகழ்வால் கடமை நசுக்கும் சுமையாகிவிட்டால் நீதிபதி அதைக் குறைக்கலாம். இதற்கு மாறாகச் செய்துகொள்ளும் எந்த உடன்பாடும் செல்லாது. வலியவர் எழுதும் தாள் அந்த ஒரு வரியை அழிக்க முடியாது.

இந்தியாவின் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் அத்தகைய வரி இல்லை. 56ஆம் பிரிவு இயலாமையைப் பேசுகிறது. கல்கத்தாவில் மனைகளாகப் பிரிக்கப்பட்ட நிலத்தைப் போர்க்காலத்தில் அரசு கையகப்படுத்தியதால் எழுந்த வழக்கில், 1953இல் உச்ச நீதிமன்றம் ‘இயலாமை’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பொருள்கொள்ள வேண்டியதில்லை, ஒப்பந்தத்தின் நோக்கமே பயனற்றுப்போவதும் அதில் அடங்கும் என்று விரித்தது. எனினும் கடினமும் இயலாமையும் ஒன்றல்ல. இராணுவத்துக்கு நெய் வாங்கித் தந்தவர்களின் வழக்கில் 1960இலும், இந்தோனேசிய நிலக்கரி விலையேறிய மின்நிலைய வழக்கில் 2017இலும் அதே நீதிமன்றம் இதைத் திரும்பச் சொன்னது. நட்டம் என்பது காரணமாகாது. கால வரம்பு முடிந்ததும் உரிமையையே அழிக்கும் விதிகளுக்கு எதிராக 28ஆம் பிரிவில் 1997இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் ஒன்று உண்டு. 14 நாள் அறிவிப்பு விதிகளை அதைக் கொண்டு எதிர்க்கும் வாதங்கள் நடக்கின்றன. ஆனால் வாதம் செய்ய ஓர் அரங்கு வேண்டும். அவருடைய தாளில் நடுவர் தீர்ப்புக்கான இடம் புதுதில்லி.

இடர் மேலாண்மை பற்றிய பாடங்களில் மாக்ஸ் ஆப்ரஹாம்சன் வகுத்த நெறிகள் தவறாமல் இடம்பெறும்: இடரைக் கட்டுப்படுத்த வல்லவர், காப்பீட்டால் கைமாற்ற வல்லவர், அதனால் பயன் பெறுபவர் அதை ஏற்பதே முறை. சாலைப் பணியில் நடந்தது இதன் தலைகீழ். அரசு பெரிய ஒப்பந்ததாரரிடம் தள்ளியது. குறைந்த விலைக்கு எடுத்திருந்த அவர் கீழே தள்ளினார். கீழே இருந்தவருக்குத் தள்ள இடமில்லை. தண்ணீர் பள்ளம் தேடுவதுபோல் இடர் வலுவற்றவரைத் தேடிப் போகிறது. இதைச் செய்தவர்களில் எவரும் கொடியவர் அல்லர் என்பதே இதைத் திருத்தக் கடினமாக்குகிறது. ஒவ்வொருவரும் தமக்கு மேலிருந்து வந்த வரியைப் பிரதி எடுத்துக் கீழே அனுப்பினார்கள்.

‘அனுபவமுள்ள ஒப்பந்ததாரர்’ என்னும் அளவுகோலில் அவரை நிறுத்தினால் என்ன ஆகும்? இருபது ஆண்டு அனுபவம். ஆயிரக்கணக்கான துளைகள். கையில் வரும் தூளைத் தேய்த்தே பாறையின் வகை சொல்லக்கூடியவர். ஆனால் அந்த அனுபவமெல்லாம் உலர்ந்த கடும்பாறையில் விளைந்தது. அனுபவமும் வட்டார வழக்கைப் போன்றது. ஒரு மண்ணில் சரளமானவர் இன்னொரு மண்ணில் திக்குவார். சட்டத்தின் கற்பனை மனிதருக்கு மட்டும் எல்லா மண்ணின் மொழியும் தெரிகிறது.

அவர் புதுதில்லி போகவில்லை. வழக்கறிஞர் சொன்ன செலவுக்கணக்கும் கோரிக்கைத் தொகையும் கிட்டத்தட்டச் சமமாக இருந்தன. ஐப்பசியில் பேசி, கேட்டதில் மூன்றில் ஒரு பங்கு பெற்றுக்கொண்டு, ‘இனிக் கோரிக்கை எதுவும் இல்லை’ என்ற தாளில் கையெழுத்திட்டார். ஒரு லாரியை விற்க வேண்டியிருந்தது. ஆட்களின் சம்பளப் பாக்கி தீபாவளிக்கு முந்தின நாள் தீர்ந்தது. அந்த இளம் பொறியாளர் தொலைபேசியில் அழைத்து வருத்தம் சொன்னார். “உங்க மேல தப்பில்லீங்க தம்பி. நீங்க பார்க்கலாம்னுதான் சொன்னீங்க” என்று மட்டும் பதில் சொன்னார் அவர்.

இப்போது அவரிடம் ஒரு நோட்டு இருக்கிறது. பணி நடக்கும் நாட்களில் மாலைதோறும் மகளுக்குத் தொலைபேசியில் நான்கு வரி சொல்கிறார்: எத்தனை மீட்டர், என்ன மண், மழை எத்தனை மணி நேரம், யார் வந்து என்ன சொன்னார்கள். மகள் அதை ஆங்கிலமாக்கி அன்றிரவே மின்னஞ்சலில் அனுப்பிவிடுகிறாள். ‘பார்க்கலாம்’ என்று யாராவது சொன்னால், யார், எந்த நாள், எதற்காக என்று அதுவும் போகிறது.

அடுத்த ஆண்டு அதே கடற்கரையில் இன்னொரு வேலைக்கு விலை கேட்டார்கள். விலை சொல்லும் முன் பேருந்தில் போய் இறங்கி, அக்கம்பக்கத்தில் கிணறு வெட்டுபவர்களைத் தேடி இரண்டு நாள் சுற்றினார். பிறகு அனுப்பிய விலைப்பட்டியலின் அடியில் தம் கையால் ஒரு வரி சேர்த்தார்: ஷேடி மண் வந்தால் கேசிங் தனிக்கணக்கு. அலுவலகத்திலிருந்து அழைத்து, அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டார்கள். நீர் பட்டால் நிற்காத மண் என்றார். அப்படியானால் அதை வரையறை செய்து எழுத வேண்டும் என்றார்கள். எழுதிக்கொள்ளுங்கள் என்றார். மீட்டர் விலையை இரண்டு முறை குறைத்தார்கள். இரண்டு முறையும் ஒப்புக்கொண்டார். அந்த வரியை மட்டும் எடுக்க விடவில்லை.